காரைநகரில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த அளவுச் சில்லு?

கேள்வி: வலந்தலைச் சந்திக்குக் கிட்ட எங்கள் வீடு. போன வருடம் பழைய ஹொண்டா சி.ஆர்.இசட் ஒன்று வாங்கினேன். கம்பனி போட்டுவிட்ட 16 அங்குலச் சில்லுகளோடுதான் ஓடுகிறது. கனடாவிலுள்ள அண்ணா, "18 அங்குல ரிம் போடு, அப்பத்தான் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி இருக்கும், காசு நான் தாறன்" என்கிறார். வேலைக்காகத் தினமும் யாழ்ப்பாணம் போய் வருகிறேன். என்ன அளவு ரிம், என்ன அளவு ரயர் போடலாம்?

பதில்: தம்பி, 18 வேண்டாம். 16இலேயே நில்லுங்கள். தோற்றம் கொஞ்சம் மாறத்தான் வேண்டும் என்று மனம் கேட்டால் 17 வரை போகலாம், அதற்கு மேல் காரைநகரில் வைத்திருக்கும் காருக்கு நான் சொல்ல மாட்டேன். அண்ணா தரும் காசை ரிம்மில் போடாமல் நல்ல நாலு ரயரில் போடுங்கள். கார் திரும்புவதும் பிரேக் பிடிப்பதும் ரயரால்தான். ரிம் அதைத் தாங்கி நிற்கிறது, அவ்வளவுதான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை எண்களோடு விளக்குகிறேன், அண்ணாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் ரயரின் பக்கத்தில் 195/55 ஆர் 16 என்று இருக்கும். 195 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 55 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு ரயரின் பக்கச் சுவர் உயரம் என்பது. ஆகவே சுவர் 107 மில்லிமீற்றர். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில், அதாவது 406 மில்லிமீற்றர். மேலும் கீழுமாக இரண்டு சுவரையும் ரிம்மையும் கூட்டினால் முழுச் சில்லின் உயரம் ஏறக்குறைய 621 மில்லிமீற்றர். இந்த 621தான் நீங்கள் காக்க வேண்டிய எண். வேகமானி, ஏ.பி.எஸ்., கியர் எல்லாம் இந்த உயரத்தை வைத்தே கணக்கிடப்பட்டவை. ரிம் பெரிதானால் சுவர் குட்டையாக வேண்டும், முழு உயரம் ஏறக்குறைய அப்படியே இருக்க வேண்டும். ஒன்றரை வீதம் கூடிக் குறையலாம். மூன்று வீதத்தைத் தொடவிடாதீர்கள்.

205/45 ஆர் 17 போட்டால் உயரம் 616 வரும், ஒரு வீதத்துக்கும் குறைந்த வித்தியாசம். 215/40 ஆர் 18 போட்டால் 629, அதுவும் கணக்குக்குள் அடங்கும். ஆனால் கடைகளில் 18 அங்குல ரிம்மோடு சேர்த்துத் தள்ளிவிடப் பார்ப்பது 225/40 ஆர் 18. அதன் உயரம் 637. இரண்டரை வீதத்துக்கு மேல் கூடிவிடும். வேகமானி 70 காட்டும்போது கார் 72இல் ஓடும். அது பெரிய குற்றமில்லை. ஆனால் உங்கள் காரில் இருப்பது ஒன்றரை லீற்றர் எஞ்சின். உயரம் கூடிய சில்லு ஒவ்வொரு கியரையும் கொஞ்சம் நீட்டிவிடும், கார் சோம்பும். முழுதாக ஸ்ரியரிங்கைத் திருப்பும்போது உள்ளே உரசவும் கூடும்.

கணக்கு இவ்வளவுதான். 215/40 ஆர் 18 கணக்கில் சரியென்றால் ஏன் வேண்டாம் என்கிறேன்? சுவர் உயரத்தால்தான். 16இல் 107 மில்லிமீற்றர், 17இல் 92, 18இல் 86. வாசிக்கும்போது சின்ன வித்தியாசம் போலத் தெரியும். பள்ளத்தில் விழும்போது அந்த இருபத்தொரு மில்லிமீற்றர் இருந்ததா இல்லையா என்பதே ரிம் தப்பியதா வளைந்ததா என்பதைத் தீர்மானிக்கும்.

பள்ளத்தில் இறங்கிய சில்லு மறுகரையில் மோதும்போது ரயர் நசுங்கி, பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் பக்கச் சுவர் அகப்படும். சுவர் உயரமாக இருந்தால் நசுங்க இடமுண்டு, காற்று அடியை வாங்கிக்கொள்ளும். குட்டையாக இருந்தால் நசுங்கி முடிந்து ரிம்மிலேயே அடி விழும். உள்ளே நூல் அறுந்து சுவரில் கட்டி போல ஒரு வீக்கம் கிளம்பும். அந்த ரயர் அத்தோடு முடிந்தது. ஒட்டுப் போட முடியாது, யார் போடலாம் என்று சொன்னாலும் கேட்காதீர்கள். அலோய் ரிம் என்றால் பெரும்பாலும் உட்பக்க விளிம்புதான் முதலில் வளையும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. 60 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டியதும் ஸ்ரியரிங் ஆடத் தொடங்கும், இல்லாவிட்டால் வாரத்துக்கொருமுறை காற்று இறங்கும்.

நீங்கள் தினமும் ஓடும் பாதையை நினைத்துப் பாருங்கள். வீட்டிலிருந்து பிரதான வீதிக்கு வரும்வரை ஒழுங்கை. கல்லும் மக்கியும். பிறகு பொன்னாலைப் பாலம், இரண்டு பக்கமும் கடல். அப்பால் வட்டுக்கோட்டை, மானிப்பாய் வழியே நகரம். வீதி நன்றாக இருக்கும் இடத்திலும் எதிரே பஸ் வந்தால் இடப்பக்கச் சில்லுகளைத் தாரிலிருந்து கீழே இறக்கத்தான் வேண்டும். தார் முடிகிற விளிம்பு சில இடங்களில் கத்தி போல நிற்கும். இறங்கும்போது ஒன்றும் நடக்காது. திரும்பச் சரிவாக ஏற்றும்போதுதான் அந்த விளிம்பு ரயரின் பக்கச் சுவரைச் சீவும். மாரியில் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும்போது ஆழமும் தெரியாது. இந்தப் பாதைக்கு 107 மில்லிமீற்றர் சுவரே ஏற்றது, 17இன் 92 கடைசி எல்லை.

எங்கள் அப்பாமார் ஓட்டிய மொரிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ40ஐயும் கேம்பிரிட்ஜையும் யோசியுங்கள். யுத்த காலத்தில் பெற்றோல் தடைப்பட்டபோது மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் அவை. பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, உடைந்த றோட்டுகளில் ஆட்களையும் மூட்டைகளையும் நோயாளிகளையும் ஏற்றி வருடக் கணக்கில் ஓடின. அவை தாக்குப்பிடித்ததற்கு மெக்கானிக்மாரின் கைவண்ணம் பெரிய காரணம். சில்லும் ஒரு காரணம். மைனர் 1000இன் ரயர் 5.20-14. அகலம் ஐந்தங்குலச் சொச்சம், சுவர் கிட்டத்தட்ட 12 சென்ரிமீற்றர். ஒடுங்கிய, உயர்ந்த ரயர். அடி ரிம்முக்குப் போகாது.

அது பழைய காலத்து வாகனம், ஸ்போர்ட்ஸ் காருக்கு அது பொருந்தாது என்று அண்ணா சொல்லக்கூடும். சரி, ஸ்போர்ட்ஸ் கார்களையே எடுப்போம். 1989இல் வந்த மஸ்டா எம்.எக்ஸ்-5க்குக் கம்பனி போட்டது 185/60 ஆர் 14. சுவர் 111 மில்லிமீற்றர், உங்கள் காரைவிட உயரம். உலகத்தில் அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் அதுதான். அதன் நாலாம் தலைமுறை 2015இல் வந்தபோதும் 195/50 ஆர் 16 போட்டார்கள். ரொயோட்டா 86 என்ற கார் 2012இல் வந்தது, இருநூறு குதிரை வலு. அதற்கு 215/45 ஆர் 17 அளவில், சாதாரணக் குடும்பக் காருக்குப் போடும் வகையான ரயரையே கொடுத்தார்கள். காசை மிச்சம்பிடிக்க அல்ல. மிதமான வேகத்திலேயே கார் அசைவது ஓட்டுபவனுக்குக் கைகளில் தெரிய வேண்டும் என்று அதை வடிவமைத்தவர்கள் விரும்பினார்கள். பிடிப்பு மிக அதிகமான அகல ரயரில் அந்த உணர்வு வெகு வேகத்தில்தான் வரும். இலங்கையில் நெடுஞ்சாலையைத் தவிர மற்ற வீதிகளில் காருக்கு 70 கிலோமீற்றர்தான் எல்லை, ஊர்மனைக்குள் 50. இந்த வேகத்தில் ரசித்து ஓட்ட உங்களுக்குத் தேவை ஒடுங்கிய, இலேசான சில்லு.

இலேசு என்பதை அழுத்திச் சொல்கிறேன். ரிம் ஒவ்வோர் அங்குலம் பெரிதாகும்போதும் எடை கூடும். 16இலிருந்து 18க்குப் போனால் சில்லொன்றுக்கு இரண்டு மூன்று கிலோ கூடுவது சாதாரணம். இந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குவது. ஷொக் அப்சோபர் அதை ஒவ்வொரு பள்ளத்திலும் பிடித்து நிறுத்த வேண்டும். புஷ்ஷும் போல் ஜொயின்ற்றும் சீக்கிரம் தேயும். உங்களுடையது ஹைபிரிட் கார். எரிபொருள் மிச்சத்துக்காகவும்தானே வாங்கினீர்கள், அதுவும் குறையும்.

அகலத்தைப் பற்றி இன்னொன்று. அகல ரயர் போட்டால் பிடிப்பு கூடும் என்பது காய்ந்த, ஒப்பரவான தார் வீதியில் ஓரளவு உண்மை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கதை மாறும். தேங்கிய தண்ணீரை ரயர் வெட்டிக்கொண்டு தரையைத் தொட வேண்டும். அகலம் கூடக் கூட ரயர் தண்ணீரின் மேல் மிதக்கப் பார்க்கும், அதுவும் தேய்ந்த ரயர் என்றால். ரயரின் வரிப்பள்ளங்களுக்குள் சின்னச் சின்ன மேடாக ஓர் அடையாளம் வைத்திருப்பார்கள். ரயர் தேய்ந்து அதோடு சமமாகும்போது மிச்சம் 1.6 மில்லிமீற்றர். அதுவரை காத்திருக்காதீர்கள். மாரி தொடங்கும் முன் 3 மில்லிமீற்றர் இல்லாத ரயரை மாற்றிவிடுங்கள்.

அண்ணாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: குளிர்காலத்துக்கு வேறு சில்லு மாற்றுகிறாரா, அந்த ரிம் என்ன அளவு? கனடாவில் பலர் பனிக்காலத்துக்கு ஓரங்குலம் சின்ன ரிம் வாங்கி, சுவர் உயர்ந்த ரயர் போடுவார்கள். உறைபனியால் வீதி வெடித்து உருவாகும் பள்ளங்களிலிருந்து ரிம்மைக் காக்க அது உதவும், ரயரும் மலிவு. எங்களுக்குப் பனி இல்லை, பள்ளம் இருக்கிறது.

இனி, 16இலேயே வேறு அழகான ரிம்மோ 17ஓ வாங்க முடிவெடுத்தால் எதைப் பார்க்க வேண்டும்? விட்டமும் அகலமும் சரியாக இருந்தாலும் ரிம் பொருந்திவிடாது.

முதலில் நட் ஓட்டைகள். உங்கள் காரில் ஐந்து ஓட்டை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீற்றர், அதாவது நாலரை அங்குலம். ரொயோட்டா 86இல் ஐந்து ஓட்டைதான், வட்டம் 100. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், மாறிப் போடக்கூடாது. இந்த இடத்தில் மைனர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. மொரிஸ் மைனர், எம்.ஜி. மிட்ஜெற், பழைய மினி எல்லாவற்றுக்கும் நாலு ஓட்டை, வட்டம் நாலு அங்குலம், 101.6 மில்லிமீற்றர். பல ஜப்பான் சின்னக் கார்களுக்கு நாலு ஓட்டை, வட்டம் 100. வித்தியாசம் ஒன்றரை மில்லிமீற்றர்தான் என்பதால் ஜப்பான் அலோய் ரிம்மை மைனரில் வைத்து நட்டை இறுக்கினால் ஏறிவிடும். ஏறியது பொருந்தியதாகாது. நட் சரிவாக இருந்து ஸ்ரட்டை வளைத்துக்கொண்டே இருக்கும், ஒருநாள் ஸ்ரட் முறியும். பழைய காரை அழகுபடுத்தும் பிள்ளைகள் இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள்.

அடுத்தது நடு ஓட்டை. ரிம் போய் உட்காரும் ஹொண்டாவின் ஹப் 64.1 மில்லிமீற்றர். வெளியில் விற்கும் ரிம்கள் எல்லாக் காருக்கும் போகட்டும் என்று பெரிய ஓட்டையோடு, பெரும்பாலும் 73.1இல் வரும். இடைவெளிக்கு வளையம் போட வேண்டும். வளையம் இல்லாமல் போட்டால் பலன்ஸ் எத்தனை முறை பார்த்தாலும் ஆட்டம் நிற்காது. உப்புக் காற்றுக்கு அலுமினிய வளையத்தைவிட நல்ல பிளாஸ்ரிக் வளையம் நல்லது, ஹப்போடு இறுகிப் பிடிக்காது.

நட் விடயத்தில் ஹொண்டா தனி. கம்பனி ரிம்முக்குரிய நட்டின் இருக்கை உருண்டை வடிவம். வெளி ரிம்களுக்கு வேண்டியது கூம்பு வடிவம். பழைய நட்டையே புது ரிம்மில் போட்டால் ஓரமாக மட்டும் தொட்டு நிற்கும், ஓட ஓட இளகும். புது ரிம்மோடு கூம்பு நட் ஒரு செட் கட்டாயம் வாங்குங்கள். இறுக்க வேண்டிய அளவு 108 நியூற்றன் மீற்றர். காற்றுத் துப்பாக்கியால் முழுதாக இறுக்க விடாதீர்கள், கடைசி இறுக்கு அளவு காட்டும் திறப்பால் இருக்கட்டும். மாற்றி நூறு கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

ஓப்செற் என்ற எண்ணில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீற்றர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதே அது. எண் குறையக் குறையச் சில்லு வெளியே வரும். உதாரணத்துக்கு, ஆறங்குல அகலமும் 45 ஓப்செற்றும் உள்ள ரிம்முக்குப் பதிலாக ஏழரை அங்குலமும் 35ம் உள்ளதைப் போட்டால், அகலம் கூடியதால் இருபக்கமும் 19 மில்லிமீற்றர், ஓப்செற் குறைந்ததால் இன்னும் 10, ஆக வெளிப்பக்கம் 29 மில்லிமீற்றர் துருத்தும். மட்கார்டில் உரசும், பெயாரிங்கில் சுமை கூடும், மழையில் சேறு கதவெல்லாம் அடிக்கும். ஸ்பேசர் போட்டுச் சரிக்கட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த ரிம் உங்கள் காருக்குரியதல்ல என்று அர்த்தம். 205/45 ஆர் 17க்கு ஏழங்குல அகல ரிம் போதும்.

சுமை எண்ணையும் பாருங்கள். அளவுக்குப் பக்கத்தில் 86 என்று இருந்தால் ஒரு ரயர் 530 கிலோ தாங்கும். 205/45 ஆர் 17இல் 84 என்றும் வரும், அது 500 கிலோ. 88 எக்ஸ்.எல். என்றும் வரும், அது 560. நீங்கள் எடுக்க வேண்டியது 88. அதற்குக் காற்று இரண்டு மூன்று இறாத்தல் கூட வைக்க வேண்டும். 16க்கு எத்தனை இறாத்தல் என்பது ஓட்டுநர் கதவுத் தூணிலுள்ள ஸ்ரிக்கரில் இருக்கிறது. காலையில், கார் ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

காரைநகருக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது உப்பு. பாலத்தில் சோளகம் வீசும் நாட்களில் கடல்நீர்த் தூவானம் காரில் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அலோய் ரிம்மும் இரும்பு ஹப்பும் உப்புநீரில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும், வெள்ளையாய்ப் பூக்கும். ரயர் ரிம்மில் உட்காரும் விளிம்பில் அது நடந்தால் காற்று மெல்ல மெல்லக் கசியும். ஆகவே மினுக்கி வெட்டிய முகம் உள்ள ரிம்மும் குரோம் பூசியதும் இங்கே வேண்டாம். மேற்பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் அடியில் உப்பு புகுந்து ஒரு மாரிக்குள் உரியும். உட்பக்கம் வெளிப்பக்கம் முழுவதும் பெயின்ற் பூசிய சாதாரண ரிம் நீடித்து உழைக்கும். கழுவுவது முக்கியம். ஆனால் எங்கள் ஊரில் பல கிணறுகள் உவர் என்பது உங்களுக்குத் தெரியும். உவர்நீரில் கழுவிக் காயவிட்டால் உப்பின் மேல் உப்பு ஏற்றுவதுதான். மழைநீர் பிடித்து வைத்தால் ஒரு வாளி போதும், சில்லுகளின் உட்புறத்துக்கு மட்டும் ஊற்றுங்கள். ஆறு மாதத்துக்கொருமுறை சில்லுகளைக் கழற்றி ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மெல்லிதாகக் கிறீஸ் தடவுங்கள். ஸ்ரட்டில் கிறீஸ் படக்கூடாது.

கொழும்புப் பஞ்சிகாவத்தையிலோ வேறெங்கோ ஜப்பானிலிருந்து வந்த பழைய ரிம் எடுப்பதானால் பயப்பட வேண்டாம், நல்லவை கிடைக்கும். ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. என்ற முத்திரைகள் வார்ப்பில் இருக்கிறதா பாருங்கள், அவை ஜப்பானின் தர அடையாளங்கள். உட்புறம் திருப்பி வெல்டிங் அடித்த தடம் தேடுங்கள். இருந்தால் வாங்காதீர்கள். பலன்ஸ் மெஷினில் ரயர் இல்லாமல் சுற்றவிட்டு விளிம்பு அலைகிறதா என்று பார்த்த பிறகே காசு கொடுங்கள். ரயரைப் பழையதாக வாங்க வேண்டாம். புது ரயர் என்றாலும் சுவரிலுள்ள நாலு இலக்கத்தை வாசியுங்கள்: 1824 என்றால் 2024ஆம் ஆண்டின் 18ஆம் வாரம் செய்தது. இரண்டு வருடத்துக்கு மேல் கடையில் கிடந்ததை முழு விலைக்கு எடுக்காதீர்கள்.

வாங்கும் முன் யாழ்ப்பாணத்தில் இரண்டு ரயர்க் கடைகளில், அந்த அளவு கையிருப்பில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஒரு ரயர் வெடித்து, அதே வகை கொழும்பிலிருந்து 400 கிலோமீற்றர் வரவேண்டும் என்றால் கார் அதுவரை வீட்டில்தான் நிற்கும். சி.ஆர்.இசட் போன்ற கார்களில் பலவற்றில் ஸ்பெயர் சில்லே கிடையாது. ஓட்டை அடைக்கும் திரவமும் சின்னக் காற்றுப் பம்பும்தான் வரும். அந்தத் திரவம் முள்ளோ ஆணியோ குத்திய ஓட்டையை அடைக்கும், கிழிந்த பக்கச் சுவரை அடைக்காது. இரவில் பாலத்தில் அப்படி நின்றால் என்ன செய்வீர்கள்? அண்ணாவின் காசில் மிச்சம் வந்தால் கம்பனி 16 அங்குல ரிம் ஒன்று தனியாகத் தேடி, ரயர் போட்டு, பழைய நட்டுகளோடு பின்னால் வையுங்கள். 17 போட்டாலும் கம்பனிச் செட்டை விற்றுவிடாதீர்கள்.

இவ்வளவும் வாசித்த பிறகும் ஏதாவது ஒரு ரிம்மில் மனம் நின்றால், அதன் உட்புறத்திலுள்ள எண்களை, விட்டம், அகலம், ஓப்செற், ஓட்டை வட்டம், நடு ஓட்டை என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். முற்பணம் கொடுக்க முன் அனுப்புங்கள். பொருந்துமா இல்லையா என்று அந்த ஐந்து எண்ணை வைத்தே சொல்லிவிடலாம்.